தேசிக்காய் டார்ட்: புதுப்பிப்பு

போன கிழமை இங்கே புலம்பியிருந்தேன்: தேசிக்காய் கேர்ட் (டார்ட்டின் மாக் கிண்ணத்துக்குள் நிரப்பும், முட்டையும் தேசிப்புளியும் சேர்த்த களி) திரைந்து முட்டைப் பொரியல் மாதிரி ஆகிவிட்டது, இரும்பு வாடை வேறு, மாக் கிண்ணங்களும் அவணுக்குள் சுருங்கிப் போயின. நேற்று மறுபடி செய்தேன். 12 இல் 10 உருப்படி!

வாடைக்கு முட்டையைத் திட்டியிருக்கக் கூடாது. அலுமினியச் சட்டியில் புளி பட்டால் அப்படித்தான் என்று ஒரு அக்கா எழுதியிருந்தார், சரிதான். இந்த முறை கொதிநீர்ச் சட்டிக்கு மேல் கண்ணாடிக் கோப்பை. 4 மஞ்சள் கரு, 100 கிராம் சீனி, 80 மில்லி தேசிப்புளி, துருவிய பச்சைத் தோல் கொஞ்சம் (வெள்ளைப் பகுதி வந்தால் கைக்கும்). சீனியையும் கருவையும் சேர்த்தவுடனே அடிக்க வேண்டும், விட்டால் கட்டி தட்டும். பிறகு கை ஓயாமல் கிண்டல். கரண்டியின் முதுகில் விரலால் கோடிழுத்தேன்; கோடு மூடாமல் நின்றது. அதுதான் பதம், 80 பாகைக்குக் கிட்ட. இறக்கி 60 கிராம் பட்டர் போட்டு வடித்தேன்.

மாவுக்கு எதிரி எங்கள் யாழ்ப்பாணத்து வெக்கைதான். அச்சில் அமத்தியதும் அரை மணித்தியாலம் பிரிட்ஜில் வைத்து, மேலே கடதாசி, காய்ந்த கடலை பாரம் வைத்துச் சுட்டேன். சுருங்கவில்லை.

உடைந்த 2? கழற்ற அவசரப்பட்டது நான்தான். அம்மம்மா அதைக் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "புளி காணாது பிள்ளை" என்றார்.

அடுத்தது தோடம்பழம். அதுக்குத் தேசிப்புளியும் கொஞ்சம் சேர்க்கத்தான் வேணும்.