தம்பிக்கு செஷன்ஸில் விடுதலை, ஐகோர்ட்டில் ஆயுள்: இனி அப்பீலா, எஸ்.எல்.பி.யா?

கேள்வி:
தம்பி மேல் கொலை வழக்கு. 2019ல் செஷன்ஸ் கோர்ட் விடுதலை செய்தது. அரசு அப்பீல் போனது. போன மாதம் ஐகோர்ட் அந்த விடுதலையை ரத்து செய்து ஆயுள் கொடுத்துவிட்டது. தம்பி சரணடைந்து உள்ளே இருக்கிறான்.

"டெல்லியில் எஸ்.எல்.பி.தான் (அப்பீலுக்கு சுப்ரீம் கோர்ட்டிடம் சிறப்பு அனுமதி கேட்கும் மனு) போட முடியும், முதல் நாளே தள்ளிவிடுவார்கள், காசுக்குப் பிடித்த கேடு" என்கிறார் எங்கள் வக்கீல். அதைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை.

இரண்டு தீர்ப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். எஃப்.ஐ.ஆர். இரவு 9 மணிக்குப் பதிவாகியிருக்கிறது. மாஜிஸ்திரேட் கைக்குப் போனது மறுநாள் மாலை 4 மணிக்கு. இடையில் என்ன நடந்தது என்று போலீஸ் சொல்லவில்லை. செஷன்ஸ் ஜட்ஜ் இதற்கு மட்டும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். ஐகோர்ட், "இது பெரிய குறை அல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. இப்படிச் செய்யலாமா? எங்களுக்கு வழி இருக்கிறதா?

பதில் 1:
ஐகோர்ட்டிலேயே மறுஆய்வு மனு போட்டுப் பாருங்கள் அக்கா. அதே ஜட்ஜ்களிடம் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்.

பதில் 2:
மேலே சொன்னதைச் செய்துவிடாதீர்கள். கிரிமினல் வழக்கில் கையெழுத்தான தீர்ப்பை எழுத்துப் பிழை, கணக்குப் பிழை தவிர வேறு எதற்காகவும் அதே கோர்ட் மாற்ற முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 362, அதன் இடத்தில் வந்த புதிய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் பிரிவு 403. நாள்தான் வீணாகும்.

நான் கிரிமினல் பக்கம் பிராக்டிஸ் செய்பவன். அக்கா, உங்கள் விஷயத்தில் எஸ்.எல்.பி.யே தேவையில்லை. விடுதலையை ஐகோர்ட் அப்பீலில் ரத்து செய்து மரண தண்டனையோ, ஆயுளோ, பத்து வருஷமோ அதற்கு மேலோ கொடுத்தால், சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போவது தண்டிக்கப்பட்டவரின் உரிமை. பழைய சட்டத்தில் 379, புதியதில் 420. அரசியல் சட்டம் 136ன் கீழ் அனுமதி கேட்டு நிற்பது வேறு, இது வேறு. உங்கள் தம்பிக்கு ஏழு வருஷம் கொடுத்திருந்தால் உங்கள் வக்கீல் சொன்னது சரி. ஆயுளுக்கு அது பொருந்தாது. இந்த அப்பீலில் சாட்சியங்களையும் திரும்ப எடைபோடச் சொல்லிக் கேட்கலாம்.

ஐகோர்ட் மாற்றித் தண்டிக்கலாமா என்றால், அதிகாரம் உண்டு. சாட்சியம் முழுவதையும் புதிதாக அலசலாம். அப்போது நமக்கு மேல் கோர்ட்டாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1934லேயே இதைச் சொல்லிவிட்டது. ஆனால் கூடவே ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது. சந்திரப்பா எதிர் கர்நாடக அரசு என்ற 2007 தீர்ப்பை எடுத்துப் படியுங்கள். குற்றம் நிரூபணமாகும் வரை நிரபராதி என்ற அனுமானம் எல்லோருக்கும் உண்டு, விடுதலை கிடைத்தவருக்கு அது இன்னும் பலப்படுகிறது. சாட்சியத்தை வைத்து நியாயமாக இரண்டு முடிவுக்கு வர முடியும் என்றால், விடுதலையில் கை வைக்கக்கூடாது.

அதனால் ஐகோர்ட் தீர்ப்பில் ஒன்றைத் தேடுங்கள். செஷன்ஸ் ஜட்ஜ் வந்த முடிவுக்கு யாருமே வந்திருக்க முடியாது என்று எங்காவது காரணத்தோடு காட்டியிருக்கிறார்களா? "சாட்சியை நாங்கள் நம்புகிறோம்" என்பது மட்டும் போதாது. அதே சமயம், எஃப்.ஐ.ஆர். தாமதத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். கண்ணால் பார்த்த சாட்சி உறுதியாக நின்றிருந்தால் தாமதம் தனியாக ஒரு வழக்கைச் சாய்க்காது. அந்தச் சாட்சியின் குறுக்கு விசாரணையோடு சேர்த்துத்தான் அது எடுபடும்.

கேள்வி கேட்டவர்:
தம்பி, நீங்கள் சொன்னதை அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். டெல்லி செலவுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. நாள் தாண்டிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில் 3:
என் அண்ணனுக்கு ஜெயில் வழியாகத்தான் அப்பீல் போட்டோம் அக்கா. ஜெயில் அதிகாரியிடம் மனுவும் தீர்ப்பு நகலும் கொடுத்தால் அவர்களே அனுப்ப வேண்டும். காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டசேவைச் சட்டப்படி. சுப்ரீம் கோர்ட்டுக்கென்று தனியாகச் சட்டசேவைக் குழுவே இருக்கிறது.

பதில் 2:
சரியாகச் சொன்னார். தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசம், அதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். சான்றிட்ட நகலுக்கு மனு போட்ட நாளிலிருந்து அது தயாராகும் வரை ஆன நாட்கள் அப்பீல் கெடுவில் சேராது. அதற்காகக் காத்திருந்துவிடாதீர்கள், இந்த வாரமே கிளம்புங்கள். அப்புறம், சரணடைந்ததற்கான ஜெயில் சான்றையும் வாங்கி வையுங்கள், அது இல்லாமல் அப்பீலுக்கு எண் கொடுத்துப் பதிய மாட்டார்கள். தண்டனையை நிறுத்திவைத்து ஜாமீன் கேட்கும் மனுவையும் கூடவே போடச் சொல்லுங்கள். இத்தனை வருஷம் வெளியே இருந்தபோது புகார் எதுவும் இல்லை என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஐகோர்ட் தீர்ப்பை மறுபடி வரிவரியாகப் பார்த்தேன். நீங்கள் தேடச் சொன்னது 41 பத்தியிலும் இல்லை. திங்கட்கிழமை ஜெயிலில் தம்பியைப் பார்க்கும் மனு நாள். இந்த இழையை பிரிண்ட் எடுத்து 379, 420 இரண்டுக்கும் அடியில் கோடு போட்டிருக்கிறேன், தம்பியிடம் காட்ட.