காஷ்காய் இடையர்கள்: ஈரானுக்குள்ளே துருக்கிப் பேச்சு எப்படி?

அஞ்செட்டி ஆட்டுக்காரன்:
எங்க தாத்தா வரைக்கும் ஆடுதான் பிழைப்பு. அறுப்பு முடிஞ்சதும் கிளம்பி, தருமபுரி வரை வயலுக்கு வயல் கிடை போட்டுக்கிட்டே போவார். வீட்டில் குறும்பர் கன்னடம், சந்தையில் தெலுங்கு, பள்ளிக்கூடத்தில் தமிழ். போன வாரம் யூடியூபில் ஈரான் காஷ்காய் இடையர்களைப் பார்த்தேன். ஷிராஸ் நகரத்தைச் சுற்றி ஊரே பாரசீகம் பேச, இவங்க பேச்சு மட்டும் துருக்கி வகையாம். துருக்கியிலிருந்து வந்தவங்களா? என் பையனுக்கு தாத்தா பேச்சு பாதிதான் புரியுது, அதான் கேக்கறேன்.

பாலக்கோடு வாசகி:
இல்லைங்கண்ணா. மத்திய ஆசியாவிலிருந்து 11ஆம் நூற்றாண்டில் செல்ஜுக் என்கிற அரச வம்சத்தோடு, ஓகுஸ் என்கிற துருக்கி வகைப் பேச்சுக்காரக் கூட்டங்கள் ஈரானுக்குள் வந்தன. மேற்கே தாண்டிப் போனவங்கதான் இன்றைய துருக்கிக்காரங்களுக்கு முன்னோர். காஷ்காய் பேச்சும் ஓகுஸ் கிளைதான், அஜர்பைஜானிக்கு நெருங்கின பங்காளி. ஆனா ஒரே ரத்தம்னு நினைச்சுடாதீங்க. லூர், குர்து, அரபு, கலஜ் எனப் பலரும் 'இல்கானி' என்கிற தலைவருக்குக் கீழே சேர்ந்த கூட்டணி அது. கோடை மேய்ச்சலுக்கு மலைமேல 'யய்லாக்', குளிர்கால மேய்ச்சலுக்குத் தாழ்நிலத்தில் 'கிஷ்லாக்'. 1930களில் ஈரான் மன்னர் ரேசா ஷா இந்தப் போக்குவரத்தையே தடுத்து, கட்டாயமா ஒரே இடத்தில் குடியமர்த்தப் பார்த்தார். ஆடுமாடு நிறைய செத்துப்போச்சு.

ஓசூர் ஷிப்ட்:
துருக்கி மொழியிலும் நம்மள மாதிரி விகுதிமேல விகுதி ஒட்டுவாங்களாமே, வினையும் கடைசியில்தான். அப்ப சொந்தக்காரங்கதானே?

பாலக்கோடு வாசகி:
ஒட்டுறதெல்லாம் உறவாகாது தம்பி. ஜப்பானியத்துக்கும் அதே குணம். ஓகுஸ் மொழிகளில் 'அத்' குதிரை, 'கோஸ்' கண். தமிழில் எதோட பொருத்துவீங்க? ஆட்டுக்காரண்ணா, உங்க பையன் விஷயம் அங்கேயும் உண்டு. காஷ்காய்க்காரரான முகம்மது பஹ்மன்பெய்கி 1950களில் கூடாரப் பள்ளிகள் தொடங்கினார். வெள்ளைக் கூடாரம், ஆட்டுக்கூட்டத்தோடயே நகரும். எத்தனையோ பேர் படிச்சு மேலே வந்தாங்க. பாடம் மட்டும் பாரசீகத்தில்.
இன்னொன்று, காஷ்காய்ங்கிற பெயருக்குச் சொல்லும் பல விளக்கங்களில் ஒன்று 'கஷ்கா': நெற்றியில் வெள்ளை விழுந்த குதிரை.

அஞ்செட்டி ஆட்டுக்காரன்:
அட, நம்ம 'சுட்டி'! தாத்தாகிட்ட அப்படி ஒரு கறுப்புப் பெட்டை இருந்தது, நெற்றியில் எட்டணா அளவு வெள்ளை. சுட்டின்னு கூப்பிட்டா கிடையின் அந்தக் கோடியிலிருந்து வரும். பையன்கிட்ட இன்னைக்கு ராத்திரி இந்தக் கதையைத் தாத்தா பேச்சிலேயே சொல்லிப் பாக்கறேன், எவ்வளவு புரியுதுன்னு.