பொன்டூன் போட்டை ரோட்டால் இழுக்கும்போது மிசினை எதில் தாங்க வைப்பது?

நிலாவெளிக் கரை:
ஏப்ரல் சீசனுக்கு ஒரு பொன்டூன் போட் வாங்கியிருக்கிறேன், நீர்கொழும்பு களப்பில் ஓடியது. இரண்டு அலுமினியக் குழாய், மேலே தட்டு, பின்னால் வெளியே தொங்கும் 60 குதிரைவலு 4 ஸ்ட்ரோக் யமஹா மிசின். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று ட்ரெயிலரில் இழுத்து நிலாவெளிக்குக் கொண்டுவர வேண்டும், 200 கிலோமீற்றருக்கு மேல் வரும். விற்றவர் சொல்கிறார், மிசினை மேலே தூக்கி, பக்கத்தில் இருக்கிற டில்ட் லீவரைப் போட்டுவிட்டால் போதுமாம். 100 கிலோவைத் தாண்டிய சாமான் ஒரு சின்ன லீவரில் அவ்வளவு தூரம் வருமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கொட்பே மிசின்காரன்:
தம்பி, அந்த லீவரை நம்பி ரோட்டில் ஏறவே வேண்டாம். போட் கரையில் கட்டிக் கிடக்கும்போது மிசின் உப்புத்தண்ணீரில் ஊறாமல் தூக்கி நிறுத்துவதற்குத்தான் அது. இழுக்கும்போது அதில் வைக்கக்கூடாது, குலுக்கலில் கழன்று மிசின் விழலாம் என்று யமஹா கையேட்டிலேயே போட்டிருக்கிறார்கள்.

போன வருடம் என்னிடம் ஒரு பொன்டூன் வந்தது, லீவரில் வைத்தே கொழும்புப் பக்கத்தில் இருந்து இழுத்து வந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. டோர்ச் அடித்துக் கொண்டு கீழே படுத்துப் பார்த்தேன். லீவர் உட்காரும் இடத்தில் பெயின்ட் போய், அலுமினியம் சாம்பல் மாதிரி அரைபட்டுக் கிடந்தது. மிசினைத் தூக்கும் ஹைட்ரோலிக் தண்டில் எண்ணெய் கசிந்து, அதன்மேல் செம்மண் ஒட்டிக் களியாகியிருந்தது. மிசின் தொங்கும் அலுமினியப் பெட்டியின் வெல்டிங் ஓரத்தில் மயிர் அளவுக்கு ஒரு வெடிப்பு, கண்ணுக்குச் சரியாகப் படவில்லை, நகத்தை ஓட்டினால்தான் தட்டுப்பட்டது. அந்த வெடிப்போடு கடலில் இறக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

மூதூர் கடல்:
இவ்வளவு யோசனை எதற்கு? கழற்றி வேறு வண்டியில் ஏற்றுங்கள். நாங்கள் 15, 25 குதிரைவலு மிசினைத் தோளில் வைத்துக் கரையேற்றுகிறவர்கள், 40ஐ இரண்டு பேர் பிடித்தால் வந்துவிடும். மிசின் இல்லாத போட்டுக்கு எந்த ரோட்டிலும் பயம் இல்லை.

உப்புவெளி:
நானா, பைபர் போட்டுக்கு நீங்கள் சொல்வது சரி. இது போல்ட் போட்டு இறுக்கிய 60. ஸ்டியரிங் கேபிள், வயர், எண்ணெய்க் குழாய் எல்லாம் கழற்ற வேண்டும், செயின் பிளொக் வேண்டும், நிலாவெளியில் திரும்பப் பூட்டவும் ஒரு ஆள் வேண்டும். 4 ஸ்ட்ரோக்கை எந்தப் பக்கம் சாய்த்துக் கிடத்துவது என்று பார்க்காமல் போட்டால் எண்ணெய் சிலிண்டருக்குள் இறங்கிவிடும். கழற்றுவதில்தான் கூடுதலாகப் பழுதாகும் என்பது என் எண்ணம்.

என் வழி தாங்குகம்பி. ஒரு முனை ட்ரெயிலரின் பின்சட்டத்தில், மறு முனையில் V மாதிரி ஒரு கவை, அதில் மிசினின் கீழ்ப்பகுதி, கியர்பெட்டிக்கு மேலே, உட்காரும். ரப்பர் பட்டியால் கட்டிவிட்டு, கம்பியில் பாரம் விழும் மட்டும் மிசினை மெதுவாக இறக்க வேண்டும். பள்ளத்தில் விழுந்தாலும் அடியை ட்ரெயிலர் வாங்கிக்கொள்ளும்.

சீனக்குடா:
இங்கேதான் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பொன்டூன் என்ன ட்ரெயிலரோடு ஒட்டியா இருக்கிறது? பலகை மேல் இரண்டு குழாயும் சும்மா உட்கார்ந்திருக்கும், ஒவ்வொரு குலுக்கலிலும் போட் ஒரு பக்கம் அசையும், ட்ரெயிலர் ஒரு பக்கம் முறுகும். நடுவில் ஒரு இரும்புக் கம்பியைக் கொடுத்தால் ட்ரெயிலருக்கு விழுகிற அடியையெல்லாம் நேராக மிசினுக்கு அனுப்புகிறீர்கள். அது போய் முட்டுவதும் அதே அலுமினியப் பெட்டியில்தான். அதோடு பொன்டூன் ட்ரெயிலர் பலதில் கம்பியை மாட்டப் பின்னால் உருளையும் இல்லை, குறுக்குச் சட்டம் எங்கேயோ முன்னால் இருக்கும்.

ஆப்பு போடுங்கள். அந்த ஹைட்ரோலிக் தண்டுக்கும் மிசின் பிராக்கெட்டுக்கும் நடுவில் செருகும் ஆப்பு கடையில் வருகிறது. கிடைக்காவிட்டால் பாலை மரத்தில் வெட்டி, டயர் துண்டு ஒட்டி, மிசினை இறக்கி இறுக்கலாம். அப்போது மிசினும் போட்டும் ஒரே உடம்பு, ட்ரெயிலர் எப்படிக் குலுங்கினாலும் சேர்ந்துதான் ஆடும்.

உப்புவெளி:
சேர்ந்து ஆடும், சரி. ஆனால் தூக்கிய மிசினின் பாரம் பின்னால் தள்ளி நிற்கிறதே, அதை யார் தாங்குவது? ஆப்பு ஹைட்ரோலிக் தண்டைக் காப்பாற்றும், பெட்டியைக் காப்பாற்றாது. வெடித்தது பெட்டி. போட் அசைகிறது என்றால் அது கட்டியவர் பிழை. பின்பக்கம் இரண்டு ராச்செட் பட்டி போட்டு இறுக்கினால் எங்கே அசையும்?

சீனக்குடா:
நைலோன் பட்டி இழுபட்டு இளகும். கந்தளாய் வரும்போது தொட்டுப் பாருங்கள்.

கொட்பே மிசின்காரன்:
இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது, ஆனால் முதலில் கேட்க வேண்டியதை யாரும் கேட்கவில்லை. மிசினைத் தூக்கத்தான் வேண்டுமா? ஓடுகிற நிலையிலேயே நேராக இறக்கி விட்டால் பாரம் பெட்டிக்குக் கிட்ட வந்துவிடும், கம்பியும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம். கையேடும் முதலில் அதைத்தான் சொல்கிறது, நிலத்தில் முட்டும் என்றால்தான் தூக்கித் தாங்கி போடச் சொல்கிறது.

தம்பி, போட்டை ட்ரெயிலரில் ஏற்றி, மிசினை நேராக இறக்கி, அடியில் இருக்கிற கத்தித் துடுப்பில் இருந்து ரோட்டுக்கு எத்தனை அங்குலம் என்று அளந்து சொல்லுங்கள். சமதரையில் அளப்பது மட்டும் போதாது. பெற்றோல் செட்டுக்குள் திரும்பும் ஏற்றம், மதகு மேடு, அந்த இடங்களில் பின்பக்கம் தாழும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

நிலாவெளிக் கரை:
நீர்கொழும்பில் நிற்கும் நண்பரை அனுப்பி அளந்தாயிற்று. 5 அங்குலம்தான். ட்ரெயிலர் மிகவும் தாழ்வு.

கொட்பே மிசின்காரன்:
5 போதாது, முதல் மதகிலேயே துடுப்பு உரசும். அப்போ தூக்கத்தான் வேண்டும், ஆனால் முழுக்கத் தூக்காதீர்கள், 12 அங்குலம் கிடைக்கும் அளவுக்கு மட்டும். உயரத் தூக்கத் தூக்கப் பாரம் பின்னுக்குப் போகும். உங்கள் ட்ரெயிலரில் பின்சட்டம் கிட்ட இருந்தால் கம்பி, பின்பக்கம் இரண்டு பட்டி, ஒவ்வொரு 30 கிலோமீற்றருக்கும் இறங்கி இறுக்குங்கள். சட்டம் தூரமென்றால் சீனக்குடா சொல்லும் ஆப்பு, ஆனால் மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் ஓடாதீர்கள். எதைப் போட்டாலும் ஸ்டியரிங் பக்கவாட்டில் ஆடாமல் கயிறு கட்டுங்கள், எரிபொருள் குழாயை மூடுங்கள், கம்பி மாட்டும்போது மிசினுக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள்.

மூதூர் கடல்:
நான் இன்னும் கழற்றச் சொல்லித்தான் சொல்வேன். ஆனால் தம்பி கழற்றாமல் வருவதென்றால் ஹபரணையை இருட்டுக்கு முன் தாண்டிவிடுங்கள். அந்தக் காட்டில் யானை குறுக்கே வந்து பிரேக் அடித்தால் எந்தக் கம்பிக்கும் அதுதான் சோதனை.

நிலாவெளிக் கரை:
சட்டம் கிட்டத்தான் இருக்கிறது, படத்தில் பார்த்தேன். கம்பி போடுகிறேன். விடியப் புறப்பட்டு, கந்தளாய்க் குளக்கட்டில் நிறுத்தி அந்த வெல்டிங் ஓரத்தை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.