உயிர் இரைத் தொட்டிக்கு மறுகால் எங்கே?

கேள்வி: பாருக்குப் போகிறவன் (இடிந்தகரை)

வணக்கம். எங்கள் வள்ளம் 24 அடி ஃபைபர். கயிறு இழுத்துக் கிளப்பும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இன்ஜின். நானும் என் மைத்துனரும் விடியும் முன்னே இறங்கிப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) தூண்டில் போடுகிறோம். ஐஸில் வைத்த சாளையை (மத்தியை) ஏறிட்டும் பார்க்காத சீலா மீனும் பாறை மீனும் உயிரோடு துள்ளும் சாளையை விடுவதில்லை என்பதால், 200 லிட்டர் நீல டிரம் ஒன்றைக் குறுக்கே அறுத்து, அடிப்பாதியை நடுப்பலகைக்குப் பின்னால் தொட்டியாக வைத்தேன். மணிக்கு 500 கேலன் என்று எழுதியிருக்கும் 12 வோல்ட் பில்ஜ் பம்பை (படகில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் சிறு பம்பு) பின்பலகையில் கட்டி, முக்கால் அங்குல ஹோஸ் வழியாக மேலிருந்து தண்ணீர் விழச் செய்தேன். வழிந்து போவதற்கு, விளிம்புக்கு மூன்று விரற்கடை கீழே அரை அங்குலத்தில் இரண்டு துளைகள் போட்டு, ஹோஸ் மாட்டி வெளியே விட்டேன்.

இப்போது வள்ளம் நிற்கும்போது தொட்டி நிரம்பி உள்ளே வழிகிறது. ஓடும்போது பம்பு இரைகிறதே தவிர ஒரு சொட்டும் வருவதில்லை. அரை மணி நேரத்தில் சாளையின் மூக்கு சிவந்து, செதில் உதிர்ந்து, வயிறு மேலாகிவிடுகிறது. வள்ளத்தின் அடியில் துளையிட்டு, தண்ணீர் அள்ளும் மூக்கு ஒன்றைப் பொருத்தினால் எல்லாம் தீரும் என்று கடையில் சொல்கிறார்கள். புது வள்ளத்தின் அடியில் துளையிட எனக்கு மனம் வரவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும். இதைவிடப் பெரிய பம்பு வாங்க வேண்டுமா என்பதும் தெரியவில்லை.

பதில்: ஃபைபர் பட்டறை (உவரி)

அண்ணாச்சி, துளையிட வேண்டாம். நம் கரையில் வள்ளத்தை மணலில் ஏற்றி இறக்குகிறோம். அடியில் துருத்திக்கொண்டு நிற்கும் எதுவும் ஒரு மாதம் தாங்காது. அந்த மூக்கு உடைந்தால் போவது மூக்கு மட்டுமன்று, அதைச் சுற்றியுள்ள ஃபைபரும் சேர்ந்து பிளக்கும். கடைக்காரர் சொன்னது கட்டுத்துறையில் மிதந்தபடியே நிற்கும் படகுக்குப் பொருந்தும்.

பம்பும் மாற்ற வேண்டாம். 500 கேலன் என்பது சுமார் 1,900 லிட்டர். தண்ணீரை உயரத் தூக்காமல் விட்டால் வரும் அளவு அது. இரண்டு மூன்று அடி தூக்கி, ஹோஸின் வளைவுகளையும் தாண்டி வரும்போது ஏறத்தாழப் பாதிதான் மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே பார்த்தாலும், ஏறக்குறைய 90 லிட்டர் தண்ணீர் நிற்கும் உங்கள் தொட்டியில் மணிக்குப் பத்து முறை தண்ணீர் மாறுகிறது. சாளைக்கு அது போதும்.

குறை வரத்தில் இல்லை, மறுகாலில், அதாவது மிகுதித் தண்ணீர் வெளியேறும் வழியில் இருக்கிறது. வரத்துக்கால் அகலமாகவும் மறுகால் குறுகலாகவும் இருக்கிற குளத்தின் கரை என்னவாகும் என்பது நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உள்ளே வரும் தண்ணீரைப் பம்பு தள்ளுகிறது; வெளியே போகும் தண்ணீரையோ துளைக்கு மேலே நிற்கும் இரண்டு மூன்று விரற்கடைத் தண்ணீரின் கனம் மட்டுமே தள்ளுகிறது. ஆகவே வெளிவழி உள்வழியைப் போலப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். ஒன்றரை அங்குலக் குழாயின் வாய் முக்கால் அங்குலக் குழாயின் வாயைப்போல நான்கு மடங்கு. இரண்டு அங்குலம் என்றால் ஏழு மடங்கு. இருக்கிற இரண்டு துளைகளையும் அடைத்துவிட்டு, ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் ஒரே வழி வையுங்கள். அதன் ஹோஸ் தொட்டியிலிருந்து வள்ளத்தின் பக்கச்சுவர் வரை இறங்கிக்கொண்டே போக வேண்டும். இடையில் தொங்கி வளைந்தால் அங்கே தண்ணீர் தேங்கி, காற்று அடைத்து, மறுபடியும் உள்ளேதான் வழியும். பக்கச்சுவரில் அது வெளியேறும் துளையோ, ஆளும் ஐஸும் மீனும் ஏறிய பிறகும் கடல்மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். அறுத்த ஃபைபரின் ஓரத்தில் ரெசின் பூசாமல் விட்டால் தண்ணீர் உள்ளுக்குள் ஊறும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தொட்டியின் அடியிலும் ஒரு திறப்பு வைக்கலாமே என்று தோன்றும். தொட்டியின் அடி வெளிக் கடல்மட்டத்தைவிடத் தாழ்வாக இருந்தால், அதைத் திறக்கும்போது தொட்டித் தண்ணீர் கடலுக்குப் போகாது. கடல்தான் வள்ளத்துக்கு வரும். உங்களுக்கு வாளியே போதும். கரைக்குத் திரும்பி அலைவாயை நெருங்கும் முன்பே தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். 90 கிலோவுக்கு மேல் தளும்பும் தண்ணீரை வைத்துக்கொண்டு அலை உடையும் இடத்தைக் கடப்பது தேவையற்ற துணிச்சல்.

ஓடும்போது தண்ணீர் வராததற்குக் காரணம் வேறு. வள்ளம் வேகம் எடுத்ததும் பின்பலகையை விட்டுத் தண்ணீர் விலகுகிறது. இன்ஜின் விசிறியும் நுரையைக் கிளப்புகிறது. பம்பு அந்த நுரைக்குள் மாட்டிக் காற்றை விழுங்கினால் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும், ஏனெனில் இந்த வகைப் பம்பு காற்றை இழுத்துத் தள்ளாது. ஒரு பிவிசி குழாயின் நுனியில் பம்பைப் பொருத்தி, இன்ஜினை விட்டு விலகி, வள்ளத்தின் அடிமட்டத்துக்கு நான்கு விரற்கடை கீழே இறங்கும்படி பின்பலகையின் ஓரத்தில் கொக்கி வைத்து மாட்டுங்கள். கரையேறும்போது கையால் தூக்கிவிடலாம். பம்பின் வாய்க்குச் சற்று மேலே, ஹோஸில் 3 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறு துளை போட்டால், சிக்கிய காற்று அதன் வழியே கழன்றுவிடும். அலைவாயைத் தாண்டிய பிறகே பம்பைப் போடுங்கள். மணல் கலங்கிய தண்ணீர் பம்பையும் தின்னும், சாளையின் செவுளையும் அடைக்கும்.

பதில்: பேட்டரி வேலை (வள்ளியூர்)

மேலே அண்ணாச்சி விட்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். கயிறு இழுத்துக் கிளப்பும் சிறிய இன்ஜின்கள் பெரும்பாலும் பேட்டரியைச் சார்ஜ் செய்வதில்லை. இந்த அளவுப் பம்பு ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். எட்டு மணி நேரம் ஓடினால் 16 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் அதன் ஆயுள் குறையும் என்பதால், 35 ஆம்பியர்-மணிக்குக் குறைந்த பேட்டரி வேண்டாம். பைக் பேட்டரியை வைத்துக்கொண்டு நடுக்கடலில் பம்பைத் திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பம்பின் மேல் எழுதியிருக்கும் அளவிலேயே ஃபியூஸ் போட்டு, அதைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு உப்புக் காற்றில் பச்சை பிடித்துப்போகும். வெள்ளீயம் பூசிய செப்பு வயர் கிடைத்தால் விலை பாராமல் வாங்குங்கள்.

பதில்: தூண்டில்காரர் (கூடுதாழை)

குழாய் வேலையைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, சாளையைப் பற்றிச் சொல்கிறேன். முதலில், அந்த டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று விசாரித்தீர்களா? பழைய கடையில் கிடைக்கும் நீல டிரம் பலவும் ரசாயனம் வந்த டிரம்கள்தாம். எவ்வளவு கழுவினாலும் சிலவற்றில் வாடை போகாது, அந்த வாடையில் மீன் நிற்காது.

இரண்டாவது, சாளை நின்றுகொண்டு மூச்சு விடும் மீன் அன்று. நீந்திக்கொண்டே இருக்க வேண்டிய மீன். மேலிருந்து தண்ணீர் கொட்டினால் அதற்குத் திசை தெரியாமல் சுவரில் முட்டும், மூக்கு சிவப்பது அதனால்தான். ஹோஸை உள்ளே இறக்கி, அடியருகே, சுவரை ஒட்டிச் சாய்வாகத் தண்ணீர் பாயும்படி வைத்தால், வட்டத் தொட்டியில் நீரோட்டம் ஒரே பக்கமாகச் சுழலும், கூட்டம் முழுவதும் அதை எதிர்த்து வரிசையாக நீந்தும். சுழற்சி கடுமையாகி மீன் பின்னுக்குப் போகிறது என்றால் ஹோஸின் வாயைப் பெரிதாக்குங்கள். தண்ணீர் மறுகால் மட்டம்வரை நிறைந்திருக்கட்டும். அரைகுறையாக நின்றால் வள்ளம் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மீன் சுவரில் அடிபடும். கையால் பிடிக்காதீர்கள், முடிச்சில்லாத வலைக்கரண்டியால் அள்ளுங்கள். செதில் போன சாளை பிழைக்காது. உங்கள் தொட்டிக்கு நான் இருபதுக்கு மேல் போட மாட்டேன். 30 டிகிரி வெப்பத்தில் கடல்தண்ணீர் லிட்டருக்கு ஆறு மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். வெயில் ஏறத் தொட்டி சூடானால் அதுவும் குறையும், ஆகவே நனைந்த சாக்கு ஒன்றைப் போர்த்துவது நல்லது.

பதில்: பாருக்குப் போகிறவன் (இடிந்தகரை)

அண்ணாச்சிமார் மூவருக்கும் நன்றி. ஒன்றரை அங்குல மறுகால் வைத்தேன், வழிவது அன்றைக்கே நின்றது. ஹோஸையும் உள்ளே சாய்த்து இறக்கினேன். காலையில் போட்ட பதினெட்டுச் சாளையில் பதினைந்து, பதினொரு மணிவரை வரிசை கலையாமல் சுற்றின. பம்பைக் குழாய் நுனியில் இறக்கியதில் மெதுவாக ஓடும்போது தண்ணீர் தடையின்றி வருகிறது. கச்சான் காற்றில் வள்ளம் தூக்கிப் போடும்போது மட்டும் இன்னும் விட்டுவிட்டுத்தான் வருகிறது. டிரம்மை விற்றவரிடம் கேட்டேன். சோப்பு எண்ணெய் என்றார், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

பதில்: ஃபைபர் பட்டறை (உவரி)

காற்று நாளில் பம்பை இன்னும் இரண்டு விரற்கடை இறக்கி, குழாயின் நடுவில் இன்னொரு கொக்கி கொடுங்கள். குழாய் ஆடினால் அதனாலும் பம்பு தண்ணீருக்கு மேலே வந்துவிடும். அந்த டிரம்மை மாற்றிவிடுங்கள்.