ஏற்காட்டுச் சாரலைத் தாங்கும், கனமில்லாத நூல் பொம்மை: எதில் செய்வது?

ஏற்காட்டு ஆசிரியை:
சென்ற ஆண்டு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு பொம்மலாட்டத்துக்காக இரண்டடி உயரத்தில் ஒரு நூல் பொம்மை செய்தேன். தலை, மைதாப் பசையில் ஒட்டிய செய்தித்தாள். ஆடிச் சாரலில் பூஞ்சணம் பூத்துவிட்டது. தாடையைத் தொட்டால் விரல் உள்ளே இறங்கியது. இம்முறை மரத்திலேயே செய்யலாமா? பிள்ளைகளின் கை பத்து நிமிடமாவது தாங்க வேண்டுமே!

பொம்மைக்காரர் பேரன், சேலம்:
வணக்கம் டீச்சர். என் தாத்தாவின் மரப்பொம்மைகள் நாலரை அடி உயரம், பத்துக் கிலோ எடை. நூல்களை இரும்பு வளையத்தில் கட்டி, அதைக் கிரீடம்போலத் தலையில் வைத்துக்கொள்வார். பாரத்தைத் தலை வாங்கிக்கொள்ளும். கைகள் பொம்மையின் கைக்கம்பிகளை ஆட்டும். பிள்ளைகளுக்கு அந்தக் கனம் ஆகாது.

தலைக்குக் காகிதமே போதும். களிமண் உருவத்தின்மேல் முதல் சுற்றைப் பசையில்லாமல் வெறும் ஈரத்தாளாகப் போடுங்கள். பிறகு ஆறு சுற்று, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பின்பே அடுத்தது. ஏற்காட்டில் இதற்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டால் உள்ளே தங்கும் ஈரமே மறுபடி பூஞ்சணமாகும். காதுக்குப் பின்னால் அறுத்து மண்ணை எடுத்துவிட்டு, ஒட்டுவதற்கு முன் உட்பக்கமும் பெயிண்ட் அடியுங்கள். சென்ற முறை அதை விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உள்ளங்கைக்குக் கல்யாண முருங்கை. எடை தெரியாது, சிறு கத்திக்கே இணங்கும். வெயிலில் போட்டால் வெடிக்கும், நிழலில் உலர்த்துங்கள். முழங்கை, தோளுக்கு ஆணி வேண்டாம், கெட்டித் துணிப்பட்டை தையுங்கள்.

பாதத்தில் மட்டும் கனம் இருக்கட்டும். புளியங்கட்டை வையுங்கள், அல்லது சிறு மணல் பையைத் தையுங்கள். பாதம் லேசாக இருந்தால் பொம்மை நடக்காது, மிதக்கும். தாத்தா புதுப் பொம்மையைத் தொங்கவிட்டு, குதிகால் தரையில் பட்டு எழும் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்.

தையல்காரர், அஸ்தம்பட்டி:
நைலான் நூல் முறுக்கிக்கொள்ளும், விளக்கொளியில் மின்னும். கறுப்புப் பருத்தி நூலில் மெழுகு தேய்த்துக் கட்டுங்கள். உடைக்கும் வாயில் (voile) துணி வேண்டாம், மல் துணியில் தையுங்கள்.

ஏற்காட்டு ஆசிரியை:
உண்மைதான் அண்ணா, உட்பக்கம் பெயிண்ட் அடிக்கவே இல்லை. எங்கள் பள்ளி வேலியிலேயே மிளகுக் கொடி ஏறிய கல்யாண முருங்கை நிற்கிறது. முள்ளைச் சீவி ஒரு கொம்பை இன்றே நிழலில் வைக்கிறேன். பழைய தலையைத் தூக்கிப் போடப் பிள்ளைகள் விடவில்லை. அதன் மூக்கைப் பார்த்துத்தான் புதியதற்கு மண் பிடிக்கப் போகிறார்களாம்.