அவசரத்துக்குன்னு நிறுத்தி வச்ச டீசல் வண்டி, ஃபில்டர் பூரா கருப்பா வழவழன்னு இருக்கு

பழையவண்டி:
வெள்ளம், புயல்னா உடனே கிளம்பணும்னு ஒரு டீசல் வண்டிய பாதி டேங்க்கோட பல மாசமா நிறுத்தியே வச்சிருக்கேன். இப்ப ஸ்டார்ட் ஆகி உடனே ஆஃப் ஆகுது, ஃபில்டர கழட்டினா சளி மாதிரி கருப்பா ஒட்டியிருக்கு. டீசல் கெட்டுப் போச்சா? மருந்து ஊத்தினா சரியாயிடுமா?

டேங்க்மூடி:
முதல்ல செல்ஃப் அடிக்கறத நிறுத்துங்க. அது பூஞ்சையும் பாக்டீரியாவும் ப்ரோ. டேங்க்ல காலியா இருக்கற இடத்துல காத்துல உள்ள ஈரம் ராத்திரி குளிர்ந்து தண்ணியா வேர்த்து அடியில இறங்கிடும், அந்தத் தண்ணியும் டீசலும் சேர்ற இடத்துலதான் இதுங்க குடியிருக்கும், பயோடீசல் கலந்ததுன்னா ஈரத்த இன்னும் இழுக்கும். காமன் ரெயில் இன்ஜின்னா (டீசல ரொம்ப அதிக அழுத்தத்துல அடிக்கற புது மாதிரி இன்ஜின்) ரொம்ப ஜாக்கிரதை, பம்புக்கு டீசலேதான் ஆயில் மாதிரி, தண்ணி போச்சுன்னா பம்பு, இன்ஜெக்டர் ரெண்டும் காலி. டேங்க் அடியிலேர்ந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல புடிச்சு அசையாம வைங்க, தண்ணி இருந்தா கீழ தனியா நிக்கும்.

ஸ்பேனர்செட்:
மருந்த மட்டும் ஊத்தாதீங்க. கிருமி சாகும், ஆனா செத்த சளி எங்க போகும்? அதே ஃபில்டருக்குத்தான் வரும். டேங்க்க இறக்கி கழுவி, லைன சுத்தம் பண்ணி, புது ஃபில்டர் போட்டு, புது டீசலோட பயோசைட, அதான் அந்த கிருமி மருந்த, அதோட கேன்ல போட்டிருக்கற அளவுப்படி கலக்குங்க. கூடவே ஸ்பேர் ஃபில்டரும் அதுக்கு வேண்டிய ஸ்பேனரும் வண்டியிலயே கிடக்கட்டும், ஃபில்டர் மாத்தினதும் டீசல் லைன்ல மாட்டின காத்த வெளியேத்தவும் (ஏர் எடுக்கறது) இப்பவே கத்துக்கங்க, நடுரோட்டுல மழையில நின்னு கத்துக்க முடியாது.

பழையவண்டி:
பாட்டில்ல கீழ தண்ணி தெளிவா நிக்குது 😐 டேங்க இறக்கறேன். இனிமே வாரம் ஒருக்கா அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வச்சா போதும்ல?

மெக்கானிக்மச்சான்:
அத மட்டும் பண்ணாதீங்க, அதுக்கு சும்மா நிக்கறதே மேல். இன்ஜின் சூடாகறதுக்குள்ள ஆஃப் பண்ணா ஈரம் சைலன்சர்லயும் ஆயில்லயும் தங்கிடும், ஸ்டார்ட்டுக்கு இழுத்த சார்ஜும் பேட்டரிக்கு திரும்ப ஏறாது. மாசத்துக்கு ஒருக்கா அரைமணி நேரமாவது ரோட்டுல ஓட்டுங்க, பிரேக்கும் துரு புடிக்காது. டேங்க் எப்பவும் ஃபுல்லா இருக்கட்டும், ஆனா ஃபுல் பண்ணிட்டு மறந்துடாதீங்க, ஆறு மாசம் ஒரு வருஷத்துக்குள்ள அந்த டீசல ஓட்டித் தீர்த்துட்டு புதுசு போடணும். டீசல்லேர்ந்து தண்ணிய பிரிக்கற வாட்டர் செப்பரேட்டர் அடியில இருக்கற ட்ரெயின் ஸ்க்ரூவ அப்பப்ப தொறந்து விடுங்க. நிறுத்தி வச்ச பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு கீழ போனா சார்ஜ் போடுங்க.

பழையவண்டி:
கேன்ல தனியா சேத்து வச்ச டீசல்?

ஸ்பேனர்செட்:
அதையும் மொதல்ல பாட்டில்ல ஊத்திப் பாருங்க. தெளிவா இருந்தா வடிகட்டி ஊத்தி ஓட்டுங்க, கலங்கலா இருந்தா வேணாம்.