ஜூலையில் ஊட்னடாட்டா டிராக்: அப்பாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகலாமா?

தென்காசிக்காரன்

வணக்கம். மெல்பர்னில் இருக்கிறோம். ஜூலை பள்ளி விடுமுறையில் தெற்கு ஆஸ்திரேலியாவின் உள்பகுதிக்குக் காரில் போக நினைக்கிறோம். நான், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்குப் போன பழைய கான் ரயில் ஓடிய தடத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார், குறிப்பாக அல்ஜிபக்கினா பாலத்தை. வண்டி டொயோட்டா ராவ்4, ஆல் வீல் டிரைவ். அடிலெய்டு, போர்ட் அகஸ்டா, கூபர் பீடி, மார்லா என்று மேலே ஏறி, அங்கிருந்து ஊட்னடாட்டா டிராக் முழுவதும் ஓட்டி மாரீ வழியாக இறங்குவது திட்டம். போய்வர 9 நாள். மண் ரோடு மட்டும் 600 கிலோமீட்டருக்கு மேல். அப்பாவுக்கு 68 வயது, பிரஷர் மாத்திரை எடுக்கிறார். சரிவருமா?

பரமட்டா சிவா

சொந்த வண்டியா, வாடகையா? வாடகை என்றால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். பெரும்பாலும் மண் ரோட்டில் ஓட்டினால் காப்பீடு செல்லாது.

தென்காசிக்காரன்

சொந்த வண்டிதான்.

போர்ட் அகஸ்டா அக்கா

தம்பி, நான் போர்ட் அகஸ்டாவில் நர்ஸாக இருக்கிறேன். நீங்கள் போகப்போகும் பாதையிலிருந்து வருகிறவர்களைப் பார்க்கும் வேலை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் திட்டத்தில் கிலோமீட்டர் இருக்கிறது, மழை இல்லை. அந்தப் பக்கம் வருடத்துக்குச் சில அங்குல மழைதான் பெய்யும், ஆனால் பெய்கிற அன்று எல்லாம் நின்றுவிடும். களிமண் தரை. பத்து மில்லிமீட்டர் விழுந்தாலே டிராக்கை மூடிவிடலாம், திறக்க நாள்கணக்கில் ஆகும். அப்பாவிடம் கேளுங்கள், அவருக்கே தெரிந்திருக்கும்: பழைய கான் ரயிலே வெள்ளத்தில் தண்டவாளம் அடித்துப்போய் வாரக்கணக்கில் நடுவழியில் நின்றிருக்கிறது. 1980இல் அந்தப் பாதையைக் கைவிட்டு மேற்கே புதிதாகப் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். மூடியிருக்கும் ரோட்டில் வண்டியை இறக்கினால் பெரிய அபராதம். ஈரத்தில் சக்கரம் உழுத பள்ளம் காய்ந்து கல்லாகிவிடும், ரோட்டைச் சமப்படுத்தும் கிரேடர் வண்டி வரும்வரை பின்னால் வருகிற எல்லாருக்கும் அதுதான் பாதை. அதனால் அபராதம் போடுவது நியாயம் என்றே நினைக்கிறேன்.

9 நாளில் மெல்பர்னிலிருந்து முழு டிராக் என்றால், ஒரு நாள் மழை பெய்தாலும் திட்டம் உடையும். அப்போதுதான் ஆட்கள் அவசரப்பட்டு ஓட்டுகிறார்கள். எங்களிடம் வருகிறவர்களில் பலர் சரளைக் கல்லில் வேகமாகப் போய், வண்டி லேசாக வழுக்கியதும் ஸ்டீரிங்கை வெடுக்கென்று திருப்பிக் கவிழ்ந்தவர்கள். 80க்கு மேல் வேண்டாம். சூரியன் சாய்ந்த பிறகு ஓட்டவே வேண்டாம். கங்காருவும் மாடும் அந்த நேரத்தில்தான் ரோட்டில் நிற்கும், வேலி கிடையாது.

நான் சொல்வது இது. வடக்குப் பாதியை விட்டுவிடுங்கள். போர்ட் அகஸ்டாவில் ஒரு இரவு. மறுநாள் கூபர் பீடி, 540 கிலோமீட்டர், முழுக்கத் தார் ரோடு. கிளெண்டாம்போவில் டேங்கை நிரப்பாமல் தாண்டாதீர்கள், அடுத்து 250 கிலோமீட்டருக்கு பெட்ரோல் கிடையாது. கூபர் பீடியில் பூமிக்கு அடியில் குடைந்த அறையில் தங்குங்கள், ஜூலைக் குளிரிலும் உள்ளே இதமாக இருக்கும். பிள்ளைகளுக்கு ஓப்பல் ரத்தினக்கல் சுரங்கம் காட்டலாம். அங்கே இரண்டு நாள் கையிருப்பாக வையுங்கள். ரோடு திறந்திருந்தால் கிழக்கே வில்லியம் கிரீக், 166 கிலோமீட்டர். அங்கிருந்து தெற்கே மாரீ, சுமார் 200. மண் ரோடு நன்றாகவே குறைந்துவிடும், மழை வந்தால் வந்த தார் ரோட்டிலேயே திரும்பிவிடலாம்.

இந்தத் தெற்குப் பாதிதான் பார்க்கவும் வளமானது. வில்லியம் கிரீக்கிலிருந்து சின்ன விமானத்தில் கட்டி தண்டா–லேக் ஏர் ஏரியைச் சுற்றிக் காட்டுவார்கள். அது அரபானா மக்களின் புனித இடம், கரையில் நின்று பாருங்கள், படுகையில் இறங்காதீர்கள். கவர்ட் ஸ்பிரிங்ஸ் பக்கத்தில் பூமிக்கு அடியிலிருந்து நீர் கொப்பளித்து வரும் மேட்டு ஊற்றுகள் உண்டு. அந்த வறண்ட தரையில் தண்ணீர் தானாகக் கொப்பளிப்பதைப் பார்த்தால் பிள்ளைகள் நகரமாட்டார்கள். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் ரயில் பாதையும் இந்த ஊற்றுகளை ஒட்டியே போனது. மாரீயில் பலுசிஸ்தான், பஞ்சாப், ஆப்கானிஸ்தான் பக்கமிருந்து வந்த ஒட்டகக்காரர்கள் குடியிருந்தார்கள், ரயில் போகாத இடத்துக்கெல்லாம் சரக்கு சுமந்தது அவர்கள்தான்.

ஸ்டெப்னியை இன்றே பாருங்கள். ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னி என்றால் அந்தக் கல்லுக்குத் தாங்காது, முழு அளவுச் சக்கரம் ஒன்று வாங்குங்கள், முடிந்தால் இரண்டு. மண் ரோட்டில் டயர் காற்றை 28 psi பக்கம் குறையுங்கள், தார் ரோடு வந்ததும் ஏற்ற கம்ப்ரஸர் வேண்டும். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர் கணக்கு, மூன்று நாளுக்கு. ஒரே பெரிய கேனில் வைக்காமல் பிரித்து வையுங்கள்.

பரமட்டா சிவா

அக்கா சொன்னதோடு ஒன்று: ஊரைத் தாண்டினால் போன் எடுக்காது. ஊருக்குள்ளும் பெரும்பாலும் டெல்ஸ்ட்ரா கம்பெனி சிக்னல்தான். ஒரு பிஎல்பி (கையில் வைத்துக்கொள்ளும் அவசர சிக்னல் கருவி) வாங்கிப் பதிவு செய்யுங்கள், பதிவு இலவசம். பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகத் தேடுதல் மையத்துக்குப் போகும்.

தென்காசிக்காரன்

மிக்க நன்றி அக்கா, சிவா. வழியை மாற்ற மனைவிக்கும் சம்மதம். அப்பாவுக்குத்தான் பாலம் விட்டுப்போகிறதே என்று வருத்தம். வில்லியம் கிரீக்கிலிருந்து பாலத்துக்கு மட்டும் ஒரே நாளில் போய் வரலாமா? இன்னொன்று, வண்டி நின்றுபோனால் ஒருவர் நடந்து போய் உதவி கேட்கலாமா?

போர்ட் அகஸ்டா அக்கா

இரண்டாவதற்கு முதலில். நடக்கவே கூடாது தம்பி. தேடுகிறவர்கள் விமானத்திலிருந்து பார்த்தால் வண்டி தெரியும், நடக்கிற ஆள் தெரியமாட்டான். வண்டி நிழல் தரும், தண்ணீர் அதில்தான் இருக்கும். எல்லாரும் வண்டியோடு இருங்கள். ஜூலையில் டிராக்கில் யாராவது வருவார்கள். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

பாலம் 1892இல் கட்டி முடித்தது, அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம், அப்பா ஆசைப்படுவதில் தப்பே இல்லை. ஆனால் போகவர கிட்டத்தட்ட 300 கிலோமீட்டர் சரளை. ஜூலையில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும், அவர் முதுகும் தாங்க வேண்டும். நான் போகச் சொல்லமாட்டேன். அதற்குப் பதில் மாரீ போகும் வழியில் கர்டிமர்க்காவில் இறங்குங்கள். பழைய ஸ்டேஷன் கட்டடம், தண்ணீர்த் தொட்டி, கொஞ்ச தூரம் தண்டவாளம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. குறுகிய பாதை, 1067 மில்லிமீட்டர். மீட்டர் கேஜில் வேலை பார்த்தவர் என்றால் அவரே அளந்து பார்ப்பார், ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

மாத்திரை பயண நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, பாதி அவர் பையில், பாதி உங்கள் பையில். மருந்துச் சீட்டைப் போனில் படமெடுத்து வையுங்கள். இரவில் குளிர் பூஜ்யம் வரை இறங்கும், அவருக்குக் கம்பளித் தொப்பி வேண்டும். அப்புறம், விக்டோரியாவிலிருந்து பழம், தக்காளி, பச்சை மிளகாய் எடுத்து வராதீர்கள். பழ ஈக் கட்டுப்பாடு இருக்கிறது, எல்லையில் பிடித்தால் அபராதம். காய்கறியை இங்கே போர்ட் அகஸ்டாவில் வாங்கிக்கொள்ளலாம். கிளம்புவதற்கு முந்தின நாளும், கூபர் பீடியில் காலையிலும் அரசின் ரோடு நிலவரத்தைப் பாருங்கள். தேதி முடிவானதும் இங்கே போடுங்கள்.